கேரவனில் ஓர் எட்டுச்செலவு

ஜெயரட்ணத்துக்கு ஒரேயொரு பெருமை உண்டு, அவருடைய மீன் குழம்பு. பெருமைப்பட வேறெதுவும் மிச்சமில்லாத மனிதர், அதனால் அதை விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருந்தார். ஒருகாலத்தில் பரந்தன் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குள் மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லாம் 2009 யுத்தத்தில் போயிற்று. கைப்பக்குவம் மட்டும் மிஞ்சியது. அது அவரோடு படகேறி வந்தது, முகாமில் இருந்தது, நோபல் பார்க்கில் எட்டுப் பேர் அடைந்து கிடந்த வாடகை வீட்டின் குசினியில் மணந்தது. கடைசியில் இந்தக் கேரவனுக்கும் வந்து சேர்ந்தது.

கேரவன் பார்க் என்றதும் ஏதோ விடுமுறைச் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கன்ஹாம் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருபதோ இருபத்தைந்தோ இடங்கள். முன்னால் ஓர் அலுவலகம், நடுவில் குளிக்கவும் துவைக்கவும் பொதுக் கட்டடம், அதன் சுவரில் 'பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள்' என்று ஒரு பலகை. ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் பெரிய பெரிய வண்டிகளில் வருவார்கள், மடக்குக் கதிரையை விரித்து வைன் குடிப்பார்கள், காலையில் கிளம்பிவிடுவார்கள். வந்து போவதற்கென்று கட்டிய இடத்தில் போக்கிடம் இல்லாமல் கிடந்தவர்கள் ஆறேழு பேர். பதினேழாம் இலக்கத்தில் ஜெயரட்ணமும் தனோஜனும் ஆறு வருடமாக இருந்தார்கள்.

தனோஜனுக்கு முப்பத்தேழு வயது. முல்லைத்தீவுப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில் செய்தவர். பையன் நோபல் பார்க் வீட்டில்தான் ஜெயரட்ணத்தோடு ஒட்டிக்கொண்டான். அந்த வீட்டை விற்றபோது எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், இவன் போகவில்லை. "நீங்கள் எங்கையோ அங்கை நானும் வாறன் அண்ணை," என்றான். இருவரும் கூவீரப் பக்கம் அஸ்பராகஸ் பொதி செய்யும் கொட்டகையில் வேலை செய்தார்கள். விசா மட்டும் பதின்மூன்று வருடமாகத் தவணை தவணையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகவும் முடியாது, ஊரில் இருப்பவரைக் கூப்பிடவும் முடியாது.

சமையல் ஜெயரட்ணம்தான். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், மீன். தனோஜன் தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் பேசாமல், மளமளவென்று சாப்பிட்டு முடிப்பான். இரண்டாம் துண்டு போடப் போனால் கையைக் குறுக்கே வைப்பான். "போதும் அண்ணை, வயிறு நிரம்பீட்டுது." ஜெயரட்ணம் விடமாட்டார். "மீன்காரன்ரை மோன் மீன் தின்னப் பழகேல்லை, இதை நான் ஆருக்குச் சொல்லி அழுறது!" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை வைத்துவிடுவார். அவனும் சிரித்துக்கொண்டு அதையும் சாப்பிடுவான்.

போன சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தனோஜன் நெஞ்சைத் தடவினான்.

"ஏதோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை. இடக்கையும் உளையுது."

"உது வாய்வு. காலமை வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஓடினால் வேறை என்ன வரும்? இரு."

நம்முடைய ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் முதலில் அது வாய்வுதானே. இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். நெஞ்சில் தைலம் பூசித் தேய்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போவமோ என்று ஒருமுறை கேட்டார்தான். விசா இழுபறியில், இலவச வைத்தியத்துக்கான தனோஜனின் மெடிகெயர் அட்டை காலாவதியாகிக் கிடந்தது. "வேண்டாம் அண்ணை, குறையுது," என்றான் அவன். குறைகிறது என்று சொன்னதை ஜெயரட்ணமும் ஆசையாக நம்பினார். நாலு மணிக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போய் எழுப்பினார். அவன் எழும்பவில்லை.

அம்புலன்ஸ் வந்தது, பொலிஸ் வந்தது. பிரேதப் பரிசோதனைக்கு என்று உடலைக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு, நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஓர் இளம் டொக்டர் தொலைபேசியில் சொன்னார். உண்மையை மறைக்கத் தெரியாத நல்ல பிள்ளை போலிருக்கிறது. அந்தச் சொல் ஜெயரட்ணத்தின் தொண்டைக்குள் மீன் முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஊருக்கு அறிவிக்க வேண்டுமே. தனோஜனின் தங்கை நிரூபாவுக்குப் போன் எடுத்தார். இருபத்தைந்து வயது, ஏழு மாதக் கர்ப்பிணி, புருஷன் கொழும்பில் வேலை, அவள் தாயோடு முள்ளியவளையில் இருந்தாள். குழறி அழுது முடித்ததும் அந்தப் பிள்ளை முதலில் சொன்னது இதுதான்.

"அம்மாவுக்குச் சொல்லக்கூடாது அண்ணை. இப்பதான் இருதயத்துக்கு ஸ்டென்ற் வைச்சது, ரெண்டு மாசம் ஆகேல்லை. டொக்டர் சொன்னவர், அதிர்ச்சி ஒண்டும் குடுக்காதேங்கோ எண்டு. அம்மாவும் போனால் எனக்கு ஆர் அண்ணை இருக்கினம்? பிள்ளை பிறக்கட்டும், பாப்பம். சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் பண்ணினார். ஒவ்வொரு ஞாயிறும் மகனோடு கதைக்கும் அந்த அம்மாவுக்கு, அவன் போன் தண்ணிக்குள் விழுந்துவிட்டது, ஞாயிறும் வேலை போட்டுவிட்டார்கள் என்று நிரூபா பொய் சொன்னாள். தூரத்தில் இருப்பவன் செத்தால் நாம் இப்படித்தானே செய்கிறோம். பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், ஒப்பரேசன் முடியட்டும் என்று சாவைக்கூடக் காக்க வைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஸ்பிரிங்வேல் மயானத்தில் எரித்தார்கள். நோபல் பார்க்கில் கூட இருந்த பெடியள் எல்லாம் வந்து நின்றார்கள். அடுத்த நாள் சனி, இறந்து எட்டாம் நாள். எட்டுச்செலவை டண்டினோங்கில் தங்களுடைய பெரிய வீட்டிலேயே செய்வோம் என்றார்கள். ஜெயரட்ணம் கேட்கவில்லை. "உயிர் போன இடத்திலைதான் படைக்க வேணும்," என்று ஒற்றைக்காலில் நின்று கேரவனுக்குத் திரும்பினார்.

எட்டாம் நாள் பின்னேரம், போனவனுக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது வழக்கம். விரதச் சாப்பாடு அல்ல. மாமிசம் பிடிக்குமென்றால் மாமிசம், குடிப்பான் என்றால் சாராயம். பிறகு அதில் கொஞ்சம் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். அதோடு அவன் வீட்டை விட்டுப் போகிறான் என்று கணக்கு. ஜெயரட்ணத்துக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. விடிய முதல் ஆளாக டண்டினோங் சந்தைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினார். வாழையிலையும் வாங்கினார். பதினொரு மணிக்கெல்லாம் குழம்பு இறக்கியாயிற்று. கேரவன் முழுக்க மணம்.

ஒரு கறியோடு படைக்கலாமோ? அடுத்து என்ன வைப்பது என்று யோசித்தபோதுதான் மனிதருக்கு வியர்த்தது. அவனுக்கு வேறு என்ன பிடிக்கும்? தெரியாது. பதினொரு வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களுக்குள், எனக்கு இது வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. போட்டதைச் சாப்பிட்டான். "உனக்கு என்னடா விருப்பம்?" என்று இவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்காரனல்லவா, வாடிக்கையாளன் தட்டைக் காலி செய்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

நிரூபாவைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. அண்ணா போகேக்கை எனக்குப் பன்னிரண்டு வயசு. எனக்கு விபரம் தெரிஞ்ச நாளிலை ஆர் விருப்பமானதைச் சாப்பிட்டது? கிடைச்சதைச் சாப்பிட்டம்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாவுக்குத்தான் தெரியும். கேக்கிறதெண்டால் கவனமாக் கேளுங்கோ. உங்கடை குரல் கம்மினாலே பிடிச்சிடுவா."

ஜெயரட்ணம் கேரவனுக்கு வெளியே வந்து மரத்தடியில் நின்றார். பக்கத்து இடத்துக் கிழவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். இரண்டு முறை தொண்டையைச் செருமி, சிரித்த முகமாக நின்றால் குரலும் சிரிக்கும் என்று உதட்டை இழுத்து வைத்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினார். இங்கே பகல் பன்னிரண்டு, அங்கே காலை ஆறரை. தனோஜனின் தாய் சந்திரவதனா உடனே எடுத்தார்.

"ஆர், ஜெயம் தம்பியோ? என்ன இந்த நேரத்திலை?"

"ஒண்டுமில்லை அக்கா. இண்டைக்கு லீவு. உங்கடை மோன் வேலைக்குப் போட்டான். வரேக்கை அவனுக்கு விருப்பமானதா ஏதும் சமைச்சு வைப்பமெண்டு யோசிச்சன். கேட்டால் சொல்லமாட்டான், உங்களுக்குத் தெரியுந்தானே."

"சொல்லமாட்டான்," என்றார் அந்த அம்மா. குரல் நிதானமாக இருந்தது. "சின்னனிலையும் அப்பிடித்தான். கத்தரிக்காய் பொரிச்ச குழம்பெண்டால் உயிர். நீட்டு நீட்டா வெட்டி, நல்லாச் சிவக்கப் பொரிக்க வேணும் தம்பி, பாதியிலை எடுத்துப்போடாதேங்கோ. புளி கொஞ்சம் தூக்கலா விடுங்கோ. தேங்காய்ப்பால் கடைசியிலை. சிவப்பரிசிச் சோறு. பிறகு பனங்கட்டி கடிச்சுக்கொண்டு ஒரு பிளேன்ரீ. அவ்வளவுதான் என்ரை பிள்ளைக்கு."

"சரி அக்கா. நான் மீன் குழம்பும் வைச்சிருக்கிறன்."

"ஐயோ, மீன் வைக்காதேங்கோ தம்பி."

"ஏன் அக்கா?"

"சுனாமிக்குப் பிறகு அவன் மீன் வாயிலை வைக்கிறேல்லை. தேப்பன்ரை உடம்பு கிடைக்கேல்லைத்தானே. கடலுக்கை கிடந்த மனுசரைத் திண்ட மீனம்மா, எனக்கு வேண்டாமெண்டான். அதுக்குப் பிறகு என்ரை குசினியிலையும் மீன் சமைக்கிறேல்லை. ஏன், உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

பதினொரு வருடம். வாரத்தில் மூன்று நாள். குனிந்த தலை, மளமளவென்று விழுங்கிய வாய், குறுக்கே வைத்த கை. அந்தக் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு துண்டு வைத்தாரே, பாவி மனிதர்!

"அவன் ஒவ்வொரு முறையும் சாப்பிட்டவன் அக்கா," என்றார். இழுத்து வைத்திருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"சாப்பிட்டிருப்பான். ஜெயம் அண்ணை நல்லாச் சமைச்சுப் போடுறார், ஆருமில்லாத மனுசனம்மா எண்டு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவான். உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு திண்டிருப்பான்." பிறகு அந்த அம்மா கேட்டார். "தம்பி, இண்டைக்கு எட்டோ?"

மரத்திலிருந்து ஒரு பட்டை கழன்று விழுந்தது.

"எனக்கு ஆரும் சொல்லேல்லை. நிரூபாவைக் குறை சொல்லாதேங்கோ. அவள் நல்லாத்தான் மறைக்கிறாள். ஆனா நான் நாளும் பொழுதும் கொளுத்திற சாமி விளக்கை, போன ஞாயிறு தொடக்கம் என்னைத் தொட விடுறாளில்லை. குனியக்கூடாதாம். நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிட்டன், மழை வருமெண்டு மறிச்சுப்போட்டாள். வானத்திலை ஒரு பொட்டு முகில் இல்லை தம்பி. துடக்கோடை நான் சாமியைத் தொடக்கூடாதெண்டு பயந்திட்டாள் என்ரை பிள்ளை." குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்குத் துடக்கெண்டால், வேறை ஆர் இருக்கினம்? அவன் ஒருத்தன்தானே. நான் அவளைக் கேக்கேல்லை. கேட்டால் சொல்லிப்போடுவாளெண்டு பயம். கேக்காமல் இருக்கிறவரைக்கும் இல்லையெண்டும் நினைக்கலாந்தானே."

ஒரு சாவை மறைக்கலாம், அதன் தீட்டை, துடக்கை, மறைக்க முடியுமோ. ஜெயரட்ணம் மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். சத்தியமாவது ஒன்றாவது. தொண்டைக்குள் இத்தனை நாளாக நின்ற முள் தானாக வெளியே வந்தது.

"அக்கா, நான்தான் அக்கா. நெஞ்சு அடைக்குதெண்டு என்னட்டைத்தான் சொன்னவன். நான் வாய்வெண்டு சொல்லிப்போட்டன். இஞ்சி இடிச்சுக் குடுத்துப் படுக்க வைச்சனான். கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பானாம். டொக்டர் சொன்னவர். நான்தான் அக்கா அவனை..."

மறுமுனையில் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. வைதாலும் பரவாயில்லை, மண்ணை அள்ளித் தூற்றினாலும் பரவாயில்லை என்று ஜெயரட்ணம் காத்திருந்தார்.

"நானும் இஞ்சிதான் இடிச்சுக் குடுத்திருப்பன் தம்பி," என்றார் சந்திரவதனா.

அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள். அந்த அம்மா சத்தம் வராமல், சீலைத் தலைப்பை வாயில் அடைத்து அழுதது இவருக்குக் கேட்டது. உள்ளே மகள் படுத்திருக்கிறாள். இவர் அடைத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயது மனிதர் மரத்தடியில் குந்தியிருந்து ஓவென்று அழுதார். கண்ணாடி துடைத்த கிழவர் வாளியை வைத்துவிட்டு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் சற்றுத் தள்ளி நின்றார், பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"தம்பி, ஒண்டு செய்யுங்கோ," என்றார் அம்மா கடைசியில். "எனக்குத் தெரியுமெண்டு நிரூபாவுக்குக் காட்டிக்கொள்ளாதேங்கோ. வயித்திலை பிள்ளையோடை நிக்கிறாள். நான் ஒண்டும் அறியேல்லை எண்ட நினைப்பிலைதான் அவள் எழும்பி நடமாடுறாள். நான் அழுதால் அவளும் விழுந்துபோவாள். பிள்ளை பிறக்கட்டும், அவள் சொல்லட்டும், அப்ப நான் புதுசாக் கேட்டு அழுறன். போய்ச் சமையுங்கோ. கத்தரிக்காயை நல்லாப் பொரியுங்கோ. சந்தியிலை வைச்சிட்டுத் திரும்பிப் பாக்காமல் வாங்கோ, என்ன?"

"ஓம் அக்கா."

ஜெயரட்ணம் உள்ளே போய் மீன் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தார். வாழ்க்கையில் ஒரு சட்டி குழம்பை அவர் கொட்டியதே இல்லை, யுத்தத்திலும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொதுக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். "சொல்லியிருக்கலாமேடா," என்று தொட்டிக்குள் பார்த்துச் சத்தமாகவே ஏசினார். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே விசரா. உனக்கு நான் என்ன, பிறத்தியோ?" ஏசி முடித்துச் சட்டியை மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். மீன் மணம் போகவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, பக்கன்ஹாம் கடைக்குப் போய்க் கத்தரிக்காயோடு ஒரு புதுச் சட்டியும் வாங்கிவந்தார்.

நீட்டு நீட்டாக வெட்டினார். நல்லாச் சிவக்கப் பொரித்தார். புளி தூக்கல், பால் கடைசியில். சிவப்பரிசிச் சோறு. பனங்கட்டி தனோஜனின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள், கடதாசியில் சுற்றி, இவர் கண்ணில் படாமல் வைத்திருந்தான். பொழுது சாயும் நேரம், அவன் படுத்த கட்டிலுக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார். தேவாரம் ஒன்று தொடங்கினார், இரண்டாம் அடி மறந்துபோய், தொடங்கியதையே திரும்பத் திரும்பப் பாடினார்.

பிறகு இலையில் கொஞ்சம் கட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தார். பார்க்கின் மண்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடந்தான் அங்கே கிடைக்கக்கூடிய சந்தி. கம்பத்தடியில் இலையைப் பிரித்து வைத்தார், பிளேன்ரீயைக் கடதாசிக் கோப்பையில் வைத்தார், பனங்கட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்தார். "சாப்பிட்டுப் போ மோனை," என்றார். லொறிகள் இரைந்துகொண்டு போயின. திரும்பிப் பாராமல் வந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த நாள் ஞாயிறு. நிரூபா போன் எடுத்தாள். குரலில் அழுகையும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது.

"நீங்கள் எப்பிடிக் கேட்டீங்களோ தெரியேல்லை அண்ணை, அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. நீங்கள் கதைச்ச பிறகு, தனக்கும் ஆசை வந்திட்டுதெண்டு நேற்றுக் கத்தரிக்காய் பொரிச்ச குழம்பு வைச்சவா. பனங்கட்டியும் வேண்டிவரச் சொன்னவா. பின்னேரம் சோத்தையும் கறியையும் இலையிலை கட்டிக்கொண்டு, ஒழுங்கை முடக்குச் சந்தியிலை நிக்கிற நாயளுக்கு வைக்கப் போறனெண்டு தனியப் போனவா. நானும் வாறன் எண்டன், வேண்டாமெண்டிட்டா. வந்து கிணத்தடியிலை கால் கழுவிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவா அண்ணை. நாய்க்கெல்லாம் சோறு குடுக்கிற அளவுக்குச் சந்தோசமா நிக்கிறா." நிரூபா விம்மினாள். "பாவம், அம்மாவுக்கு ஒண்டுமே தெரியாது."

"ஓம் பிள்ளை," என்றார் ஜெயரட்ணம். "ஒண்டும் தெரியாது."